தேவசித்தம் வாத்தியார் பாட்டெடுத்தது

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. பைய நான் மடியில வச்சுக்கிடுதேன். எங்க வரைக்கும்? திருச்செந்தூரா? சரிதான், நான் அதுக்கு முன்னாலயே ஜெயானந்தபுரத்துல எறங்கிருவேன். பெறகு சன்னல் சீட்டு ஒங்களுக்குத்தான்.

ஜெயானந்தபுரம் தெரியும்லா? தெரியாதா? பள்ளிக்கூடம் இருக்கே! நூத்தம்பது வருசப் பள்ளிக்கூடம் அண்ணாச்சி. ஆங்கிலிக்கன் மிஷன் காலத்துல ஒரு வெள்ளக்காரப் பாதிரி ஐயரு ஓலக் கொட்டகையில ஆரம்பிச்சது. இன்னைக்கு ஆயிரத்து நூறு பிள்ளைய படிக்கு. அதுல நான் உதவித் தலைமையாசிரியர். தேவசித்தம் வாத்தியாருன்னு சொல்லிப் பாருங்க, அந்த வட்டாரத்துல நாய்கூட எந்திரிச்சி வழி விடும்.

இருபத்தேழு வருசமா அந்தப் பள்ளிக்கூடத்த நான்தான் நடத்துதேன். ஹெட்மாஸ்டர்னு நாலு பேரு வந்தாவ, போனாவ. அவிய கையெழுத்துப் போட்டாவ, நான் நடத்துனேன். நான் வராந்தாவுல வாரேன்னா பிள்ளைய எல்லாம் கிளாசுக்குள்ள ஓடி ஒளிஞ்சிரும். ஸ்டாஃப் ரூமுல நொழைஞ்சா வாத்திமாரே பாதி டீயோட எந்திரிச்சிப் போயிருவாவ. அம்புட்டு மரியாத. போன மே மாசம் பழைய ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆனாரு. அடுத்தது யாரு? ஊருக்கே தெரியும். என் சம்சாரம் புஷ்பம் ரெண்டு வெள்ளச் சட்டை தைக்கக் குடுத்துட்டா. பேக்கரியில கேக்குக்குச் சொல்லி வச்சாச்சின்னா பாத்துக்கிடுங்க.

பிஷப் ஐயாவோட திருமண்டல ஆபீசுல இருந்து ஆர்டர் வருது. யாருக்கு? ஹெப்சிபாய் டீச்சர்னு ஒரு அம்மாவுக்கு. வேற ஊரு பள்ளிக்கூடத்துல இருந்து வாராவ, என்னவிட அஞ்சு வருசம் எளையவிய. குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசுனா பக்கத்துல நிக்கிற ஆளுக்கே கேக்காது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்க. மூணு நாளு சோறு எறங்கல. ஒங்ககிட்டச் சொல்லதுக்கு என்ன, வயித்தெரிச்சல்தான். அப்பட்டமான வயித்தெரிச்சல்.

ஆனாலும் நான் பெருந்தன்மையான ஆளு அண்ணாச்சி. பதவி போனாப் போட்டும்னு விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். அந்த அம்மா ஒருநாள் என் முன்னால வந்து நின்னு, ‘சார், நீங்க இல்லாம இந்தப் பள்ளிக்கூடம் நடக்காது’ன்னு வாயத் தொறந்து சொல்லணும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையக் கேட்டுட்டா எனக்குப் போதும்.

மொத ஸ்டாஃப் மீட்டிங். நூத்தம்பதாவது வருச ஸ்தோத்திரப் பண்டிகய எப்பிடிக் கொண்டாடதுன்னு பேச்சு. தலைவர்னா என்ன செய்யணும்? வரணும், சொல்லணும், போகணும். இந்த அம்மா நாற்காலிய வட்டமாப் போடச் சொல்லி, ஒவ்வொருத்தர்கிட்டயா, ‘நீங்க என்ன நெனைக்கிய?’ன்னு கேக்காவ. வாத்திமார மட்டுமா கேட்டாவ? சத்துணவு ஆயா தங்கக்கிளியக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காவ! அவ பாவம், நாற்காலி நுனியில உக்காந்து முந்தானையப் பிசைஞ்சிக்கிட்டு இருக்கா. எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம்.

எங்க பள்ளிக்கூடத்துல பண்டிகன்னா அசனம் உண்டு. ஊரே ஒரு பந்தியில உக்காந்து ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிடது. கோயிலுக்கு வாரவிய, வராதவிய, எல்லாருக்கும் எல போடுவோம். பன்னெண்டு வருசமா அசனத்துக்கு நான்தான் கன்வீனர். வருசா வருசம் வெள்ளிக்கிழம மத்தியானம் வைப்பேன். ஏன் வெள்ளிக்கிழமன்னா, சனி, ஞாயிறு எனக்கு ஓய்வு வேணும்லா. அந்த அம்மா கேக்காவ, ‘எந்தக் கிழம வைக்கலாம்?’ எல்லாரும் என் மொகத்தப் பாக்காவ. இந்தத் தங்கக்கிளி மெல்ல வாயத் தொறக்கா: ‘டீச்சர், ஞாயித்துக்கிழம வச்சா நல்லதுல்லா? வெள்ளிக்கிழமன்னா எங்க தெருவுல யாரும் கறி தொடமாட்டாவ.’

ஏ, எனக்கு அது தெரியாதா அண்ணாச்சி? நல்லாத் தெரியும். பன்னெண்டு வருசமா அவிய தெரு ஆளுக வெறுஞ்சோத்துல ரசத்த ஊத்திச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சிப் போவும். அண்டாவுல கறி மிஞ்சும். கூச்சப்படுதாவன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.

ஞாயித்துக்கிழமன்னு முடிவாச்சி. ஆயா சொல்லி! அன்னைக்கே நானும் ஒரு முடிவு பண்ணிட்டேன். இனிமே நாமளா ஒண்ணுலயும் கை வைக்கக் கூடாது. எப்பிடி நடக்குன்னு பாத்துருவோம். எங்க கை வச்சா வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? பாட்டுல கை வச்சேன்.

அதச் சொல்லணும்லா ஒங்களுக்கு. எங்க பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு கீர்த்தன உண்டு. மொத ஹெட்மாஸ்டர் கட்டுனது. ஒரு பல்லவி, மூணு சரணம். தெனமும் காலையில பிள்ளைய எல்லாம் மைதானத்துல வரிசையா நிக்கும், வேதவாசிப்பு, ஜெபம், பெறகு இந்தப் பாட்டு. ஆர்மோனியம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஒரு ஆளு மொத அடிய எடுத்துக் குடுக்கணும், மத்தவிய சேந்துக்கிடணும். இருபத்தேழு வருசமா எடுத்துக் குடுத்தது நான். எனக்கு இயற்கையாவே ஆறு கட்டைக் குரல் அண்ணாச்சி. எங்கப்பா கோயில்பிள்ளையா இருந்து மணியடிச்சவரு, அவருக்கே அஞ்சுதான். நான் எடுத்தேன்னா பனை ஒசரத்துல நிக்கும். ரெண்டாஞ் சரணத்துல ஏறுற எடம் ஒண்ணு இருக்கு. அங்க வரும்போது பிள்ளைய எல்லாம் அப்பிடியே அடங்கிரும். மூணாஞ் சரணம் முழுக்க என் குரல் மட்டுந்தான் மைதானத்துல கேக்கும். ஆயிரத்து நூறு பிள்ளையளும் வாயத் தொறந்தபடி என்னையே பாத்துக்கிட்டு நிக்கும். என்ன பக்திங்கிய!

நேரா அந்த அம்மா ரூமுக்குப் போனேன். ‘டீச்சர், நாளையில இருந்து நான் பாட்டெடுக்க மாட்டேன்’னேன். பதறிப்போயி, ஐயோ சாருன்னு கையப் பிடிப்பாவன்னு பாத்தா, கண்ணாடிக்கு மேல என்ன ஒரு பார்வ பாத்துட்டு, ‘அப்பிடியா சார்? ரொம்ப வருசமா ஒத்தையில சொமந்துட்டீய. கொஞ்ச நாள் எங்களுக்கும் குடுங்க’ங்காவ. அவ்வளவுதான்! எனக்குச் சப்புன்னு ஆயிட்டு.

மறுநாள் நான் மைதானத்துக்குப் போகல. சைக்கிள் செட்டுக்குப் பொறத்தால நின்னுக்கிட்டேன். வேதவாசிப்பு முடிஞ்சிது, ஜெபம் முடிஞ்சிது. அமைதி. ஒரு சத்தம் இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள அப்பிடி ஒரு குளிர்ச்சி. நில்லுங்க, நல்லா நில்லுங்கன்னு எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். திடீர்னு சமையல்கட்டுப் பக்கத்துல இருந்து ஒரு பொம்பளக் குரல். தங்கக்கிளி! அரிசி களைஞ்ச ஈரக்கையோட நின்னுக்கிட்டு மொத அடிய எடுக்கா. எப்பிடி எடுக்கா தெரியுமா? தரையோட தரையா, பிள்ளையத் தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி. சுருதியா அது! நான் எடுக்குற எடத்துக்குக் கீழ எங்கயோ கெடக்கு.

ஆனா பாருங்க, பிள்ளைய சேந்துக்கிட்டு. ரெண்டாஞ் சரணத்துலயும் நிக்கல, மூணாஞ் சரணமும் பாடுது. பொடிப்பிள்ளைய பாடுது, மீச மொளச்சதுக பாடுது, வாத்திமாரு பாடுதாவ. ரோட்டுல டீக்கடைக்காரன் கிளாசும் கையுமா கேட்டுக்குள்ள வந்து எட்டிப் பாக்கான். ‘என்ன சார், புதுப் பாட்டா?’ங்கான் என்கிட்ட. போலே, அது நூத்தம்பது வருசப் பாட்டுன்னு ஏசி அனுப்புனேன். மூணாஞ் சரணத்த அவன் அதுவரைக்கும் கேட்டதே இல்லையாம்.

எப்பிடிப் பாடுச்சி? நான் குடுத்த பயிற்சி அண்ணாச்சி! இருபத்தேழு வருசமா நான் தள்ளிவிட்ட வண்டி, இப்ப தானா ஓடுது. அதப் புரிஞ்சிக்கிட ஆளு இல்ல.

அதுக்குப் பெறகு மொற வச்சிட்டாவ. ஒருநாள் ஆறாங்கிளாஸ், ஒருநாள் வாட்ச்மேன், ஒருநாள் கணக்கு வாத்தியாரு. அந்தாளுக்குச் சுருதியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அவரு எடுத்ததுக்கும் பிள்ளைய சிரிச்சிக்கிட்டே பாடுது. நான் தெனமும் சைக்கிள் செட்டுல நின்னு கேப்பேன். கேக்கணும்னு இல்ல, அங்கதான் நெழலு.

வீட்டுல போயிப் பொலம்புனேன். புஷ்பம் மீனு கழுவிக்கிட்டே சொல்லுதா: ‘ஆண்டுவிழாவுக்கு வருசா வருசம் நானும் வந்து உக்காருதேன். ரெண்டாஞ் சரணம் தாண்ட முடிஞ்சதில்ல. எட்டாதுங்க அது, வாய மட்டும் அசைப்பேன். எல்லாரும் அதத்தான் செய்வாவ.’ அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு அண்ணாச்சி. ஆவி பிடின்னு சொன்னேன்.

பண்டிக நெருங்கிட்டு. பிஷப் ஐயா வாராவ, பழைய மாணவரு எங்கெங்க இருந்தெல்லாமோ வாராவ, மூவாயிரம் பேருக்குப் பந்தல். அன்னைக்குப் பாட்டு யாரு எடுக்கான்னு கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸே எடுக்காவளாம்! எனக்கு அன்னைக்குத்தான் வயிறாரச் சோறு எறங்குச்சி. பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காத குரல வச்சிக்கிட்டு, மூவாயிரம் பேரு முன்னால, பிஷப் ஐயா முன்னால! மாட்டுனாவடான்னு நெனச்சேன். சொல்லக்கூடாது, முழங்கால் போட்டு ஜெபமே பண்ணேன். ‘ஆண்டவரே, அந்த அம்மாவுக்குச் சத்தம் வரக்கூடாது’ன்னு. நானும் மனுசன்தானே.

எனக்கு என்ன வேல குடுத்தாவன்னு நெனைக்கிய? வண்டி நிறுத்துற பொறுப்பு. ‘ஒங்களால மட்டுந்தான் முடியும் சார்’ன்னு அந்த அம்மாவே மெகாஃபோன் ஒண்ணக் கையில தந்தாவ. நாமளா கை வைக்கக் கூடாதுன்னுதானே முடிவு, கேட்டா மறுக்கக் கூடாதுன்னு இல்லையே. ஆனா எனக்கு எதுக்கு மெகாஃபோன்? வாட்ச்மேன்கிட்ட எறிஞ்சிட்டேன். பந்தல்காரன் லாரி, நாற்காலி லாரி, விறகு வண்டி, நாலு நாளு வெறும் தொண்டையிலயே அத்தன வண்டியையும் ஏசி ஏசி ஒதுக்குனேன். சனிக்கிழம சாயங்காலம் தொண்ட போயிட்டு. இப்ப நீங்க கேக்குற இந்தக் கரகரப்பு அன்னைக்கு வந்ததுதான்.

அந்த அம்மா பனங்கற்கண்டும் மிளகும் போட்டு வெந்நீரு கொண்டுவந்து தந்தாவ. ‘சத்தம் எப்பிடி இருக்கு சார்?’ன்னு கேட்டாவ. ‘ஆறு கட்டையெல்லாம் போச்சி டீச்சர், ரெண்டு கட்டைக்கு மேல ஏற மாட்டேங்கு’ன்னேன். ‘சந்தோசம் சார்’ங்காவ! அப்பிடியே நாக்கக் கடிச்சிக்கிட்டு, ‘கஷ்டமா இருக்கும்லா’ன்னு மாத்திச் சொல்லுதாவ. மறுநாள நெனச்ச பதட்டம், பாவம்.

ஞாயித்துக்கிழம. கோயில் ஆராதன முடிஞ்சி எல்லாரும் பந்தலுக்கு வந்தாச்சி. மேடையில பிஷப் ஐயா, பெரியவிய எல்லாம் இருக்காவ. எனக்குப் பந்தலுக்குள்ள முன்வரிசையில ஓரத்து நாற்காலி. மைக்குக் கம்பிய எவனோ விவரங்கெட்டவன் என் நாற்காலிக்குப் பக்கத்துல கொண்டாந்து நட்டு வச்சிருக்கான். அந்த அம்மா மேடையில இருந்து எறங்கி மைக்குக்கிட்ட வந்து நிக்காவ. ஆயிரத்து நூறு பிள்ளையளும் எந்திரிச்சிட்டு. அந்த அம்மா வாயத் தொறந்தாவ.

வரல. சத்தம் வரல அண்ணாச்சி! உதடு அசையுது, மொத அடிய மறந்துட்டாவ. இத்தனைக்கும் தெனமும் பாடுற பாட்டு. தங்கக்கிளி சொல்லுவா, அந்த அம்மாவுக்கு எரநூறு கீர்த்தன மனப்பாடமாம். அப்பிடிப்பட்டவிய, பிஷப் ஐயாவப் பாத்த பயத்துல அப்பிடியே நிக்காவ. நான் கேட்ட ஜெபம் கேட்டபடிக்கு நடக்கு. நாற்காலிய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேன். நிக்கட்டும், நல்லா நிக்கட்டும். திருமண்டலம் முழுக்கத் தெரியட்டும், யார விட்டுட்டு யாரக் கொண்டாந்தாவன்னு.

அப்ப பிள்ளையளத் திரும்பிப் பாத்தேன். அந்த அம்மாவப் பாக்கல அதுக. ஆயிரத்து நூறு பிள்ளையளும் என்னப் பாக்கு. நானும் இருபத்தேழு வருசமா வாத்தியாரா இருக்கேன், என்னக் கண்டா தலையக் குனியும், ஓடும், ஒளியும். இப்பிடி முகத்துக்கு நேரா, எடுங்க சார்ங்கிற மாதிரி ஒருநாளும் பாத்ததில்ல. முன்வரிசையில ஒரு பொடிப்பொண்ணு, பல்லு விழுந்தது, என்னப் பாத்துச் சிரிக்கி. இந்தப் பிள்ளைய ஒரு மாசமாப் பாடிப் பழகியிருக்கு, அதுக தலகுனியுறதப் பாத்துக்கிட்டு நான் எப்பிடி உக்காந்திருக்க முடியும்? சவத்த விடு, பதவியாவது ஒண்ணாவதுன்னு எந்திரிச்சிட்டேன். அந்த அம்மா சட்டுன்னு ஒதுங்கி எடம் விட்டாவ.

எடுத்தேன். ஆறு கட்டைக்குத்தான் போனேன், தொண்ட விடல. கரகரன்னு கீழ விழுந்துட்டு. தங்கக்கிளி எடுத்த அதே எடத்துல போயி விழுந்துட்டு. அவமானமா இருந்துச்சி. ஆனா ரெண்டாவது அடிக்கு நான் வாயத் தொறக்கதுக்குள்ள பிள்ளைய சேந்துட்டு. பந்தலே சேந்துட்டு. பிஷப் ஐயா பாடுதாவ, பழைய மாணவரு பாடுதாவ, சமையல்கட்டுல கரண்டியும் கையுமா நின்னு தங்கக்கிளி பாடுதா. என் சம்சாரம், மூச்சிரைப்புக்காரி, கழுத்து நரம்பு பொடைக்கப் பாடுதா. ரெண்டாஞ் சரணத்துல அந்த ஏறுற எடம் வந்துச்சி, எல்லாரும் சேந்தே ஏறுனோம். மூணாஞ் சரணத்துல பாத்தா, நான் பாடுதேன், வாய் அசையுது, எனக்கு என் குரல் கேக்கல. இருபத்தேழு வருசத்துல மொத தடவையா என் குரல் எனக்குக் கேக்கல அண்ணாச்சி. கண்ணுல இருந்து தண்ணி தாரதாரையா ஊத்துது, தொடைக்கக்கூட தோணல.

அந்த அம்மாவும் கண்ணாடியக் கழத்திக் கண்ணத் தொடச்சிக்கிட்டே சிரிக்காவ. தப்பிச்சோம்ங்கிற நிம்மதி அவியளுக்கு. பெறகு என்கிட்ட வந்து என்னமோ சொன்னாவ. நான் காத்துக்கிட்டிருந்த அந்த வார்த்தையத்தான் சொன்னாவளா, வேற ஏதும் சொன்னாவளான்னு எனக்குத் தெரியல. பிள்ளைய எல்லாம் என்னச் சுத்தி நின்னு சட்டையப் பிடிச்சி இழுத்துக்கிட்டு, ‘சார், சூப்பர் சார்’னு ஒரே கூப்பாடு. எவன் காதுல என்ன விழும்? அன்னைக்கு அசனத்துல ஒரு துண்டு கறி மிஞ்சல தெரியுமா? கடைசிப் பந்தியில உக்காந்த எனக்கு வெறுஞ்சோறும் ரசமுந்தான்.

போன ஞாயித்துக்கிழம நடந்தது இது. நான் மன்னிச்சிட்டேன் அந்த அம்மாவ. மேடையில பயந்து நின்னத நான் யாருகிட்டயும் பெருசாச் சொல்லிக்கிடல. ஒங்ககிட்டதான் சொல்லுதேன்.

அந்தா, பனங்காடு தெரியுதுல்லா, அடுத்த ஸ்டாப்பு நான் எறங்கணும். தொண்டை டாக்டரப் பாத்துட்டுத்தான் வாரேன். டார்ச்செல்லாம் அடிச்சிப் பாத்தாரு. ஒண்ணும் பயம் இல்ல, ஏழு நாளைக்கு மாத்திர சாப்பிட்டா பழைய குரல் அப்பிடியே வந்துரும்னு சொல்லிட்டாரு. ஆறு கட்டையும் வந்துருமாம்!

மாத்திர பையிலதான் கெடக்கு. பிரிக்கல.

எப்பப் பிரிப்பீயன்னா கேக்கிய? இன்னைக்கு இல்ல. நாளைக்குப் பாக்கணும். திங்கக்கிழம காலையில பாட்டெடுக்குற மொற எனக்கு. செவ்வாய்க்கிழம கணக்கு வாத்தியாரு, அந்தாளப் பக்கத்துல நின்னு நான்தான் கொஞ்சம் தாங்கணும். புதன்கிழம ஏழாங்கிளாஸ் பிள்ளைய வந்து, சார் நீங்களும் எங்ககூட நில்லுங்கன்னு கேட்டிருக்கு. இந்த வாரம் முழுக்கச் சோலி இருக்கு அண்ணாச்சி. மாத்திரைக்கு என்ன அவசரம், அடுத்த வருசம் சாப்பிட்டாலும் கேக்கும்.

கண்டக்டர் தம்பி, எறங்கணும், நிப்பாட்டுங்க! பாத்தீயளா, திரும்பிக்கூடப் பாக்கல. கேக்கல அவருக்கு. நீங்களும் சேந்து ஒரு சத்தம் குடுங்க அண்ணாச்சி.